வீடு முழுக்கக் காய்ச்சல்: யாரை முதலில் டாக்டரிடம் காட்டுவது?

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கிறோம். திங்கட்கிழமை என் 7 வயது மகனுக்குத் திடீரென்று 103 டிகிரி காய்ச்சல், வறட்டு இருமல், கால்வலி. புதன்கிழமை கணவர் படுத்தார். இன்று காலையிலிருந்து மாமியாருக்கும் உடம்பு அனலாக இருக்கிறது. அவருக்கு 68 வயது, சுகர் உண்டு. மருந்துக்கடையில் தந்த அசித்ரோமைசின் மாத்திரையைப் பெரியவர்கள் எல்லோரும் சாப்பிடுகிறோம். எனக்கும் தொண்டை கரகரக்கிறது. 10 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேன். இது ஃப்ளூவா, டெங்குவா? என்ன செய்வது?

பதில்: மாமியாரை இன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் படுத்தவன் மகன், காய்ச்சலும் அவனுக்குத்தான் அதிகம் என்பதால் வீட்டின் கவனம் முழுக்க அவன் மேல் இருக்கும். ஆனால் ஒரே வைரஸ் வீட்டுக்குள் வந்தாலும் அது செய்யும் கெடுதல் ஆளுக்கு ஆள் வேறு. வேறு நோய் இல்லாத ஏழு வயதுப் பையனும் உங்கள் கணவரும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகத் தேறிவிடுவார்கள். 65 வயதைக் கடந்தவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், சுகர், ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இவர்களை அப்படி விட்டுவிட முடியாது. நம் அரசு மருத்துவமனைகளில் ஃப்ளூ நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிப்பது இதற்காகத்தான். லேசான காய்ச்சல், இருமல் என்றால் ஏ: வீட்டில் ஓய்வு போதும். கடுமையான காய்ச்சலும் தொண்டை வலியும் உள்ளவர்களும், நான் மேலே சொன்ன ஆபத்துக் கூட்டத்தினரும் பி: டாக்டர் பார்க்க வேண்டும். மூச்சுத்திணறல் வந்துவிட்டால் சி, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். உங்கள் மாமியார் முதல் நாளிலேயே பி.

அவருக்கு டாக்டர் ஒசெல்டமிவிர் எழுதித் தரலாம். வைரஸ் ஒரு செல்லில் பெருகி, அங்கிருந்து வெளியேறி அடுத்த செல்லுக்குப் பரவுவதை இந்த மருந்து தடுக்கிறது. அதனால் காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பயன். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட வேண்டாம் என்பது இதனால்தான். காய்ச்சலில் சுகரும் ஏறும். சுகர் மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி எடுக்கிறார் என்றால் அளவை மாற்ற வேண்டியிருக்கும், அதையும் கேட்டு வாருங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டாமலே நோய் முற்றுவதும் உண்டு. திடீரென்று பேச்சு குழறுவது, ஆள் தெரியாமல் பேசுவது, எழுந்து நடக்க முடியாத சோர்வு இவையே அவர்களுக்கு அடையாளமாக இருக்கலாம்.

சரி, இது ஃப்ளூதானா? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. சாதாரணச் சளி மூக்கில் ஆரம்பித்து மெதுவாக ஏறும். ஃப்ளூ, காலையில் நன்றாக இருந்தவரை மாலையில் படுக்கவைக்கும்: அதிகக் காய்ச்சல், உடம்பு அடித்துப்போட்டாற்போல் வலி, வறட்டு இருமல். வைரஸ் உள்ளே போய் ஒன்று முதல் நான்கு நாளில் நோய் தெரியும். உங்கள் வீட்டில் இரண்டு நாள் இடைவெளியில் ஒவ்வொருவராக விழுந்தது இதோடு பொருந்துகிறது. டெங்கு ஆளிடமிருந்து ஆளுக்கு நேராகத் தொற்றாது, கொசு வழியாகத்தான் வரும். அதில் இருமலும் மூக்கொழுகலும் பொதுவாகப் பெரிதாக இருக்காது. கண்ணுக்குப் பின்னால் வலி, வாந்தி, தோலில் சிவப்புத் தடிப்பு முன்னால் நிற்கும்.

ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊரில் இரண்டும் ஒன்றாகச் சுற்றுகின்றன. டெங்குவுக்கான என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனையை முதல் ஐந்து நாளுக்குள் செய்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் ஆஸ்பிரினும் வேண்டாம், ரத்தக்கசிவை அதிகமாக்கும். (இதய நோய்க்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரின் மாமியாருக்கு இருந்தால், நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.) குழந்தைகளுக்கு ஃப்ளூவில் ஆஸ்பிரின் எப்போதுமே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரைஸ் சிண்ட்ரோம் வரலாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவதும் குழந்தைகளுக்குத் தரும் பாராசிட்டமால் சிரப்தான். அளவு வயதுக்கு அல்ல, எடைக்கு: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளில் நான்கு தடவைக்கு மேல் போகக்கூடாது. மகன் 20 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 200 முதல் 300 மில்லிகிராம். ஒரு பாட்டிலில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 250. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. 8 கிலோ குழந்தைக்கு ஒரு மில்லி சொட்டு மருந்து போதும். அதையே சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் பல மடங்கு உள்ளே போய்விடும், ஈரலைக் கெடுக்கும். ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள். சளி மாத்திரை என்று வாங்குபவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டாம்.

அசித்ரோமைசின் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து, ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. கடைக்காரர் கொடுத்தார் என்று வீடே அதைச் சாப்பிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உண்மையாகவே தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாமல் போய்விடும். அட்டையை டாக்டரிடம் காட்டி, தொடர்வதா விடுவதா என்று கேட்டுவிடுங்கள்.

குழந்தைகளுக்கு இருமல் சிரப்பை டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த சிரப்பால் சிறுநீரகம் பழுதாகிப் பிள்ளைகள் இறந்ததை மறந்துவிட முடியாது. மகனுக்குப் படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் கொடுங்கள், இருமல் தணியும். கைக்குழந்தைக்கு ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம். பிள்ளைகளைப் போர்வைக்குள் உட்காரவைத்து ஆவி பிடிக்கவும் வேண்டாம். கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் மழைக்காலத்தில் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஃப்ளூ பாலில் பரவாது, உங்கள் இருமலிலும் கையிலும்தான் பரவும். பாலில் போகும் எதிர்ப்பொருள் குழந்தைக்குத் துணை. முகக்கவசம் போட்டு, சோப்பால் கை கழுவிவிட்டுப் பால் கொடுங்கள். நோய் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே தொற்று பரவும் என்பதால் குழந்தைக்கு வராது என்று உறுதி சொல்ல முடியாது. வந்தால் அன்றே காட்டுங்கள். மூச்சைச் சட்டையைத் தூக்கிப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள்: இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40, அல்லது அதற்கு மேல் போனால் நிமோனியாவாக இருக்கலாம்.

மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுவது, உதடோ நகமோ நீலமாவது, நெஞ்சுவலி, சளியில் ரத்தம், எழுப்பினாலும் கண் திறக்காமல் மயங்கிக் கிடப்பது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருந்தால் மாமியாருக்குப் போட்டுப் பாருங்கள், 94க்குக் கீழே காட்டினால் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தால் நுரையீரலில் பாக்டீரியா புகுந்திருக்கலாம். அதே சமயம், டெங்குவாக இருந்தால் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். அப்போது கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம் வந்தாலும் ஓடிப் போங்கள்.

மற்றபடி கஞ்சி, ரசம் சோறு, தண்ணீர், ஓய்வு. மகனை மருந்தில்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுதாக ஆன பிறகு பள்ளிக்கு அனுப்புங்கள். இருமல் இரண்டு வாரம் இழுக்கும், பயப்பட வேண்டாம்.

எல்லோரும் தேறியதும் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் பேசுங்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும், பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கே போடலாம், முதல் ஆண்டில் மட்டும் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. எல்லோருக்கும் போட வசதிப்படாவிட்டால் மாமியாருக்கும் கைக்குழந்தைக்கும் முதலில் போட்டுவிடுங்கள்.