கோடு அறுந்து விழுகிறதா? முதலில் ரிசீவரை இடம் மாற்றுங்கள்

கேள்வி: விண்டோஸ் டெஸ்க்டாப்பில் ஒயர்லெஸ் டிராயிங் டேப்லெட் வைத்து வரைகிறேன். கேபிள் மாட்டினால் கோடு சுத்தமாக வருகிறது. கேபிளைக் கழற்றிவிட்டு, கூட வந்த யுஎஸ்பி ரிசீவரில் ஓட்டினால் அறுந்து அறுந்து விழுகிறது. வேகமாக வட்டம் போட்டால் பலகோணம் வருகிறது. அழுத்தத்துக்கு ஏற்பத் தடிமன் மாறுவது மட்டும் கிருட்டா என்ற ஓவிய மென்பொருளில் எப்படி மாட்டினாலும் இல்லை. முன்பு வேறு கம்பெனி டேப்லெட் வைத்திருந்தேன். பேனாவில் சார்ஜ் துளையோ பேட்டரி மூடியோ இல்லை. பேனாதான் போய்விட்டதா?

பதில்: பேனா மேல் பழி போடாதீர்கள். நீங்கள் சொல்லும் வகைப் பேனாவுக்கு பேட்டரியே கிடையாது. டேப்லெட் பரப்புக்கு அடியில் இருக்கும் கம்பிச்சுருள்கள் எழுப்பும் மின்காந்தப் புலத்திலிருந்தே அது சக்தி எடுத்துக்கொள்கிறது. கேபிளில் கோடு சுத்தமாக வருகிறதென்றால் பேனாவும் டேப்லெட்டும் நலம். டேப்லெட்டிலிருந்து ரிசீவருக்குப் போகும் வழியில்தான் சிக்கல்.

ரிசீவரை எங்கே செருகியிருக்கிறீர்கள்? சிபியூவின் பின்பக்கம், நீல நிற யுஎஸ்பி துளையில், பக்கத்திலேயே எக்ஸ்டர்னல் ஹார்டுடிஸ்க் என்றால் காரணம் அநேகமாக அதுதான். நீலத் துளை பொதுவாக யுஎஸ்பி 3.0. அந்த இணைப்பு நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும்போது கசியும் இரைச்சல், ஒயர்லெஸ் ரிசீவர்கள் வேலை செய்யும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. போதாததற்கு சிபியூவின் தகரப் பெட்டி வேறு நடுவில் மறைக்கிறது. வட்டம் பலகோணமாவதும் இதனால்தான்: இடையில் சில புள்ளிகள் வந்து சேராமல் போக, மென்பொருள் வந்த புள்ளிகளை நேர்கோட்டில் இணைத்துவிடுகிறது.

ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, கறுப்பு நிற யுஎஸ்பி 2.0 துளையில் செருகி, ரிசீவரை மேசைமேல் டேப்லெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். ஹார்டுடிஸ்க்கைத் தள்ளி வையுங்கள். ரௌட்டர் அதே மேசையில் இருந்தால் கணினியின் வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

ரிசீவருக்குப் பதில் ப்ளூடூத்தில் இணைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வைஃபை உள்ள மதர்போர்டுடன் வரும் ஆன்டெனாக்களைப் பலர் டப்பாவை விட்டே எடுப்பதில்லை. ப்ளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான், எடுத்து மாட்டுங்கள்.

அழுத்தம் தனிக்கதை. கேபிளிலும் வரவில்லை என்பதால் அது மென்பொருள் கோளாறு. பழைய டேப்லெட்டின் டிரைவரை, அதாவது அதைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளை, நீக்கினீர்களா? பொதுவாக எல்லாக் கம்பெனி டிரைவர்களும் விண்டேப்32 என்ற ஒரே பெயரில்தான் ஒரு கோப்பைப் போட்டுவைக்கும். இரண்டு டிரைவர்கள் இருந்தால் அடிதடிதான். இரண்டையும் நீக்கி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, புதியதை மட்டும் போடுங்கள். பிறகு கிருட்டாவின் டேப்லெட் செட்டிங்ஸில் பேனாவின் தகவலை வாங்க விண்டேப், விண்டோஸ் இங்க் என இரண்டு வழிகள் இருக்கும். ஒன்றில் வராவிட்டால் மற்றதற்கு மாற்றி, கிருட்டாவை மூடித் திறங்கள். அங்கேயே டேப்லெட் டெஸ்டரும் இருக்கிறது. அழுத்த எண் ஏறி இறங்கினால் டிரைவர் சரி.

எண் மாறியும் தடிமன் மாறவில்லையா? கிருட்டா திரையின் மேலே உள்ள பேனா அழுத்தப் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், பிரஷ்ஷையும் மாற்றிப் பாருங்கள். அழுத்தத்தைக் கண்டுகொள்ளாத பிரஷ்களும் உண்டு. அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு அரைநாள் டிரைவரைத் திட்டியவன் நான்.