கேள்வி – பதில்: பூஞ்சாணத்தின் சுவரும் நொதிகளும்

கேள்வி: குண்டு மிளகாய் விதையில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலக்கச் சொல்கிறார்கள். அதன் நொதிகள் நோய்ப் பூஞ்சாணத்தின் செல்சுவரைக் கரைக்குமாம். அந்தச் சுவரைக் கட்டுவதே நொதிகள்தான் என்று மகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எது சரி?
— வாசகர், சாயல்குடி

பதில்: இரண்டும் சரி. பூஞ்சாணச் செல்சுவரின் உள்பக்கம் கைட்டின் எனும் சர்க்கரைச் சங்கிலி இழைகள். அவற்றோடு பின்னிக் கிடப்பது பீட்டா குளுக்கான் எனும் இன்னொரு சர்க்கரைச் சங்கிலி. பல இனங்களில் அதற்கும் வெளியே மன்னோஸ் சர்க்கரை ஏறிய புரதங்கள் இருக்கும். செல்சவ்வில் பதிந்திருக்கும் கைட்டின் சிந்தேஸ் என்ற நொதி, செல்லின் உள்ளேயிருந்து சர்க்கரை மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கோத்து, இழையைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. குளுக்கானுக்கு இதே போலத் தனி சிந்தேஸ் உண்டு.

வெளியே வந்த இழைகளுக்கு அப்படியே பலம் கிடையாது. ஓலைக் கீற்றுகளை அடுக்கி வைத்தால் பாய் ஆகுமா? பின்ன வேண்டும். அந்தப் பின்னலுக்கு இன்னொரு கூட்டம் நொதிகள் வருகின்றன. காஸ்1 வகை நொதி குளுக்கான் சங்கிலி ஒன்றை வெட்டி, வேறொன்றின் நுனியில் ஒட்டி நீளமாக்கும். சிஆர்எச் வகை, கைட்டினையும் குளுக்கானையும் பிணைக்கும். வெட்டாமல் ஒட்ட முடியாது என்பதால், சுவர் கட்டும் வேலைக்குள்ளேயே வெட்டும் வேலையும் அடங்கியிருக்கிறது.

வடிவமும் இதனால்தான் வருகிறது. பூஞ்சாண இழை நுனியில்தான் வளரும். நுண்பைகள் சிந்தேஸ்களை நுனிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அங்கே சுவர் இளசாக இருப்பதால் உள்ளழுத்தம் அதை முன்னே தள்ளும். சற்றுப் பின்னால் பிணைப்புகள் இறுகி, சுவர் விறைத்து, இழை குழாயாக நிற்கும். பதநீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்டில் வேறு விதம். மொட்டின் கழுத்தில் கைட்டின் வளையம் போடப்படும். பிறகு சேய்ச்செல்லைப் பிரித்துவிடுவது கைட்டினை வெட்டும் நொதியான கைட்டினேஸ். அது இல்லாத ஈஸ்ட் செல்கள் ஒன்றை ஒன்று விடாமல் கொத்தாகவே கிடக்கும்.

டிரைக்கோடெர்மா நோய்ப் பூஞ்சாணத்தின் இழையைச் சுற்றிப் படர்ந்து, கைட்டினேஸ், குளுக்கானை வெட்டும் குளுக்கனேஸ், புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் மூன்றையும் சுரக்கும். அளவில்லாமல் வெட்டுப்பட்ட சுவர் உள்ளழுத்தத்தைத் தாங்காது, செல் வெடிக்கும்.

ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி தூளைக் கலந்து நிழலில் உலர்த்தி விதையுங்கள். மண்ணில் போட, ஏக்கருக்கு 1 கிலோ தூளை 20 கிலோ நன்கு மட்கிய தொழு உரத்தில் கலக்கலாம். மானாவாரி நிலத்தில் பலர் தவறுவது இங்கேதான்: மழை விழுந்து மண் ஈரமாகும் முன்பே போட்டுவிடுகிறார்கள். காய்ந்த மண்ணில் அது வளராது, வளராவிட்டால் நொதியும் இல்லை. கார்பென்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையில் இதைச் சேர்த்தால் டிரைக்கோடெர்மாதான் முதலில் சாகும்.

நாற்றங்காலில் வரும் நாற்றழுகலுக்கு முக்கியக் காரணமான பித்தியம் உண்மையான பூஞ்சாணமே அல்ல. அதன் சுவர் பெரும்பாலும் செல்லுலோஸும் குளுக்கானும். கைட்டின் மிகக் குறைவு. கைட்டினேஸால் அங்கே பயன் சொற்பம். தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்திதான் முதல் மருந்து. பழ அழுகலை உண்டாக்கும் கொலெட்டோட்ரைக்கம் இனத்தில் சில, செடிக்குள் நுழைந்ததும் தன் கைட்டினைக் கைட்டோசானாக மாற்றிக்கொள்ளும். அதனால் செடி சுரக்கும் கைட்டினேஸுக்குப் பிடி கிடைக்காது. அழுகல் தெரிந்த பழங்களைப் பறித்து வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழியுங்கள். விதை நேர்த்தி அந்த நிலையில் உதவாது.

கேள்வி: இறால் ஓட்டிலும் கைட்டின் உண்டு என்கிறார்கள். வயலில் போட்டால் பூஞ்சாணம் பெருகாதா?
— வாசகி, திருப்பாலைக்குடி

பதில்: பெருகுவது பெரும்பாலும் கைட்டினைத் தின்னும் பாக்டீரியாவும் ஆக்டினோமைசீட்களும். அவை சுரக்கும் கைட்டினேஸ் நோய்ப் பூஞ்சாணத்தின் சுவரையும், நூற்புழு முட்டையின் ஓட்டையும் தாக்கும். நல்ல தண்ணீரில் அலசி உப்பை நீக்கி, காயவைத்து இடித்து, தொழு உரக் குழியில் போட்டு மட்கவைத்த பிறகே வயலுக்குக் கொண்டுபோங்கள். பச்சை ஓட்டை நேரே போட்டு உடனே விதைத்தால், அதிலுள்ள புரதமும் கைட்டினும் சிதைந்து வெளிவரும் அம்மோனியா இளஞ்செடியைக் கருக்கும்.

கேள்வி: உப்புப் போட்ட கருவாட்டிலும் காவிப் புள்ளியாகப் பூசணம் வருகிறதே?
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: அது பெரும்பாலும் வாலேமியா. உப்பு செல்லிலிருந்து நீரை இழுக்கும்போது, இவ்வகைப் பூஞ்சாணங்கள் கிளிசரால் போன்றவற்றை உள்ளே சேர்த்து அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். வாலேமியாவிலேயே ஓர் இனம் உப்பு ஏற ஏறச் சுவரையும் தடிப்பாக்கும். ஆகவே உப்பைக் கூட்டுவதைவிட ஈரத்தைக் குறைப்பதே வழி. மணலில் பரப்பாமல், காற்றோட்டமாக உயரத் தட்டியில் காயவைத்து, சூடு ஆறிய பின் கட்டுங்கள். சூட்டோடு பாலித்தீன் பையில் அடைத்தால் உள்ளே வியர்க்கும். அந்த ஈரமே போதும். இளஞ்சிவப்பாகப் பிசுபிசுத்தால் அது பூஞ்சாணம் அல்ல, உப்பை விரும்பும் வேறு நுண்ணுயிர்.

கேள்வி: படர்தாமரைக்கு பென்சிலின் கேட்காதது ஏன்?
— வாசகர், கீழக்கரை

பதில்: பென்சிலின் தடுப்பது பாக்டீரியாச் சுவரின் பெப்டிடோகிளைக்கானைப் பின்னும் நொதியை. பூஞ்சாணத்தில் அந்தப் பொருளே இல்லை. படர்தாமரைக்குத் தரும் டெர்பினாஃபின், குளோட்ரிமசோல் இரண்டும் சுவரைத் தொடுவதில்லை. செல்சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளை உருவாக்கும் நொதிகளைத் தடுக்கின்றன. குளுக்கான் சிந்தேஸைத் தடுப்பது காஸ்போஃபஞ்சின். அது உடலுக்குள் பரவிய கடும் தொற்றுக்கு மருத்துவமனையில் நரம்பு வழியே ஏற்றும் மருந்து. நம் செல்லுக்குச் சுவரே கிடையாது. ஆகவே அந்த நொதியும் நம்மிடம் இல்லை.