ஆயர் பெரியவரா, பேராயர் பெரியவரா?
வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு 'ஆயர்' ஒருவரும் 'பேராயர்' ஒருவரும் வந்திருந்தார்கள். 'பேர்' என்று இருக்கிறதே என்று பேராயருக்கு நடு நாற்காலி போட்டோம். அது தப்பு என்கிறார் சக ஆசிரியர். இருவரில் யார் பெரியவர்?
— ஆசிரியர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: உங்கள் ஊரைப் பொறுத்தவரை இருவரும் ஒரே படி. ஒரு மறைமாவட்டத்துக்கு, அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த நிர்வாகப் பகுதிக்கு, தலைவராக இருப்பவரைக் கத்தோலிக்கர் 'ஆயர்' என்பார்கள். அதே பொறுப்பில் இருப்பவர் சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையில் 'பேராயர்'. தூத்துக்குடியில் கத்தோலிக்க மறைமாவட்டமும் உண்டு, சி.எஸ்.ஐ.யின் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலமும் உண்டு. அதனால்தான் ஒரே மேடையில் இந்தக் குழப்பம்.

கத்தோலிக்கரிடமும் பேராயர் உண்டு. ஆனால் அவர் உயர்மறைமாவட்டத்தின் தலைவர். தமிழகம், புதுச்சேரி வட்டாரத்தில் சென்னை–மயிலை, மதுரை, புதுச்சேரி–கடலூர் ஆகிய மூன்றுதான் உயர்மறைமாவட்டங்கள். சி.எஸ்.ஐ.யில் பேராயர்களுக்கெல்லாம் தலைவராக இருப்பவர் 'பிரதமப் பேராயர்'.

இன்னொரு வம்பு: சி.எஸ்.ஐ. சபைகள் பலவற்றில் 'ஆயர்' என்றால் உள்ளூர் சபையின் குருவானவர். கத்தோலிக்கரின் பங்குத்தந்தைக்கு நிகரானவர். திருநெல்வேலிப் பக்கம் அவரையே 'சேகர குரு' என்பார்கள். ஆக 'ஆயர் வருகிறார்' என்று யாராவது சொன்னால், எந்தச் சபை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமா? பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். மறைமாவட்டம், பங்கு, அருட்தந்தை என்று வந்தால் கத்தோலிக்கம். திருமண்டலம், பேராயம், சேகரம் என்று வந்தால் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. 'ஆயரும் அவர்தம் துணைவியாரும்' என்று அச்சடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது கத்தோலிக்க ஆயர் அல்ல. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. பாஸ்டர் அல்லது போதகர், அவ்வளவுதான்.

கேள்வி: பழைய கல்லறைக் கல்லொன்றில் 'அர்ச். சின்னப்பர்' என்று படித்தேன். பைபிளில் சின்னப்பர் என்று யாருமே இல்லையே?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: இருக்கிறார், வேறு பெயரில். சின்னப்பர் என்பது பவுல். 'பவுலுஸ்' என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். பழைய கத்தோலிக்கர் ஒலியை விட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். ஸ்தேவான் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் மணிமுடி என்று பொருள். அவர் முடியப்பர் ஆனார். யோவான் என்றால் எபிரேயத்தில் 'கடவுள் அருள் கூர்ந்தார்', அவர் அருளப்பர். லாசருவுக்குக் 'கடவுளின் உதவி பெற்றவர்' என்று பொருள் வருவதால் தேவசகாயம். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டாரே நட்டாலம் தேவசகாயம், அவர் பெயர் இப்படி வந்ததுதான். இவ்வளவு அழகான பெயராக்கம் வழக்கொழிந்து வருவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

எல்லாப் பெயரையும் இப்படிப் பிரித்துவிட முடியாது. யாக்கோபுவின் பழைய பெயரான சந்தியாகப்பரில் இருப்பது போர்த்துக்கீசியரின் 'சந்தியாகு'. அதிலேயே 'புனித' என்ற பொருளில் 'சந்த்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'புனித சந்தியாகப்பர்' என்று எழுதும்போது இரண்டு முறை புனிதராக்கிவிடுகிறோம்!

'அர்ச்.' என்பது 'அர்ச்சியசிஷ்ட' என்பதன் சுருக்கம். இன்றைய சொல் 'புனித'. 1995இல் திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பு வந்தபின் கத்தோலிக்கரும் பவுல், யோவான், பேதுரு என்றே படிக்கிறார்கள். பேதுரு பழைய ஏடுகளில் இராயப்பர்.

கல்வெட்டு, பழைய பதிவேடு படிப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அருளப்பர் இருவர். வெறும் அருளப்பர் என்றால் பெரும்பாலும் இயேசுவின் சீடர், திருநாள் டிசம்பர் 27. 'ஸ்நாபக அருளப்பர்' என்றால் யோர்தான் ஆற்றில் இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர், பிறந்த திருநாள் ஜூன் 24. இந்த இரண்டோடு, 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தரையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் போர்த்துக்கல்லிலிருந்து வந்த ஜான் டி பிரிட்டோ.

கேள்வி: தவக்காலம் 40 நாள் என்கிறார்கள். காலண்டரில் எண்ணினால் 46 வருகிறதே? 'ஒருசந்தி' என்றால் முழுப் பட்டினியா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஞாயிறுகளைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். 2026ஐ எடுத்துக்கொள்வோம். திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18, உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) ஏப்ரல் 5. இடையில், புனித சனி வரை, 46 நாள். அதில் ஞாயிறு 6. ஞாயிறு என்றாலே உயிர்ப்பின் நாள் என்பதால் அன்று நோன்பு கிடையாது. மீதி 40.

சந்தி என்றால் வேளை. ஒருசந்தி என்பது ஒரு வேளை முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் கொஞ்சம் சாப்பிடலாம். இரண்டையும் கூட்டினால் ஒரு முழுச் சாப்பாடு ஆகக் கூடாது. கத்தோலிக்கரில் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்குத் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய ஒருசந்தி. சுத்தபோசனம் வேறு. அது இறைச்சி தவிர்ப்பது, 14 வயதிலிருந்து. மீன், முட்டை, பால் தடையில்லை. நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு ஒருசந்தி இருந்து மயங்கி விழுவதை எந்தத் திருச்சபையும் கேட்கவில்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் இதே காலம் 'லெந்து நாட்கள்'. அங்கே இப்படி வயதுக் கணக்குப் போட்ட சட்டம் இல்லை, அவரவர் விருப்பம்.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல் போன வருடக் குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையை எரித்து எடுப்பது. நன்றாகக் காய்ந்த ஓலையாக இருக்க வேண்டும், ஈரம் இருந்தால் கரியாகத்தான் நிற்கும். எரித்ததை நைசாகச் சலிக்க வேண்டும். ஒட்டுவதற்காகத் தண்ணீரை ஊற்றிக் குழைப்பதுதான் தவறு. சாம்பலில் காரம் இருக்கிறது. நீர் சேர்ந்தால் மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடும். உலர்ந்தபடியே பூசலாம், அல்லது ஓரிரு துளி எண்ணெய் போதும்.

கேள்வி: டிசம்பர் 8 'அமலோற்பவம்' என்பது இயேசு கன்னியிடம் பிறந்ததைக் குறிக்கிறதா?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இல்லை. பலரும் இதில் தவறுகிறார்கள். அமலம் என்றால் மாசற்றது. மரியா தம் தாய் அன்னம்மாளின் வயிற்றில் கருவான நொடியிலிருந்தே சென்மப் பாவம் (பிறவியிலேயே எல்லோருக்கும் வருவதாகச் சொல்லப்படும் பாவம்) இல்லாமல் இருந்தார் என்பதே அமலோற்பவம். 1854இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் இதைக் கோட்பாடாக அறிவித்தார். டிசம்பர் 8இலிருந்து ஒன்பது மாதம் எண்ணுங்கள், செப்டம்பர் 8. மரியாவின் பிறந்தநாள், வேளாங்கண்ணித் திருநாள். சீர்திருத்தச் சபைகள் இக்கோட்பாட்டை ஏற்பதில்லை.

கேள்வி: கத்தோலிக்கத் தோழியின் கல்யாணப் பூசைக்குப் போகிறேன். எல்லோரும் எழுந்து போய் அப்பம் வாங்கும்போது நானும் போகலாமா? நான் இந்து.
— வாசகி, கோவை

பதில்: போக வேண்டாம். அதை 'நன்மை வாங்குவது' என்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் புதுநன்மை (முதன்முறை நன்மை வாங்கும் சடங்கு) பெற்றவர்களுக்கு மட்டும்தான் அது. பிற சபைக் கிறிஸ்தவர்களும் பொதுவாக வாங்குவதில்லை. இடத்திலேயே உட்கார்ந்திருங்கள். பெஞ்சில் மற்றவர்கள் வெளியே போக வழி வேண்டும், காலைச் சற்று ஒதுக்கிக்கொண்டால் போதும். தெரியாமல் வரிசையில் நின்றுவிட்டீர்களா? கையை நீட்டாமல், மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு தலை குனியுங்கள், குருவானவர் புரிந்துகொள்வார். வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இடத்துக்குத் திரும்புவது மட்டும் கூடவே கூடாது. பின்னாலேயே ஆள் வந்துவிடும்.

மணி அடித்து அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற நேரத்தில் எல்லோரும் முழந்தாளிடுவார்கள். நீங்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்த நேரத்தில் செல்பி மட்டும் வேண்டாம்.