சேலத்துப் பெண் சமகால நடனத்தைத் தொழிலாக எடுத்துக்கொள்ள முடியுமா? நீங்கள் எதற்காக ஆடுகிறீர்கள்?

முடியும். ஆனால் கற்றுக்கொள்வதற்குச் சில வருடமாவது ஊரை விட்டுப் போய்த்தான் ஆக வேண்டும். நான் அப்படித்தான் போனேன்.

எங்களுடையது சேலம் அம்மாபேட்டையில் ஒரு தறிக்கார வீடு. ஏழு வயதில் பரதம் சேர்த்துவிட்டார்கள். கல்லூரி முடித்ததும் பெங்களூரு போனேன். அங்கே, 1992-ல் தொடங்கப்பட்ட அட்டக்களரி என்ற நடன மையம் இருக்கிறது. சமகால நடனத்தை முறையாகப் படிக்கலாம். முதல் சில மாதம் விழுவதற்குத்தான் பயிற்சி. பரதத்தில் தரையைத் தட்டுவோம். இங்கே உடம்பின் எடை முழுவதையும் தரையிடம் விட்டுவிட்டு, தோள், முதுகு, இடுப்பு என்று உருண்டு எழ வேண்டும். பத்து வருடத்துக்கும் மேலாக நிமிர்ந்தே பழகிய முதுகு லேசில் இணங்கவில்லை. பரதத்துக்குத் துரோகம் செய்கிறோமோ என்றுகூட அழுதிருக்கிறேன். சென்னை நடனக் கலைஞர் சந்திரலேகா 1985-லேயே ‘அங்கிகா’ என்ற படைப்பில் பரதம், களரி என்னும் கேரளத் தற்காப்புக் கலை, யோகம் மூன்றையும் ஒரே மேடையில் வைத்திருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் மனசு ஆறியது.

வருமானம் என்றால், மேடையில் வருவது கொஞ்சம்தான். பள்ளி வகுப்புகளும் பயிலரங்குகளும்தான் சோறு போடுகின்றன. உங்களுக்கு வயது 18-லிருந்து 25-க்குள் என்றால் மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டு. நான் பரதப் பிரிவில் விண்ணப்பித்தேன்.

அப்புறம், மேச்சேரி, ஓமலூர்ப் பக்கம் கூத்து நடந்தால் விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். கட்டை எனும் மர அணிகளைக் கட்டிக்கொண்டு அத்தனை நேரம் மூச்சு வாங்காமல் சுழல்வதை எந்த வகுப்பிலும் நான் கற்கவில்லை.

எதற்காக ஆடுகிறேன் என்பதற்கு வருகிறேன். பெங்களூரில் என் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்த அம்மா, “நல்லா இருந்துச்சு கண்ணு, ஆனா யாருக்காக ஆடுன?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வருடமே ஊர் திரும்பினேன்.

குழித்தறியில் நெய்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கை கயிற்றை இழுத்தால், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும், மறு கை பலகையை அடிக்கும். எல்லோரும் பார்ப்பது அந்தக் கைகளைத்தான். குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி அழுத்தும் கால்களை யாரும் பார்ப்பதில்லை. மிதி அழுத்தினால்தான் பாவு, அதாவது நீளவாக்கு நூல், இரண்டாகப் பிரிந்து நாடாவுக்கு வழிவிடும். நாற்பது வருடம் மிதித்த அப்பாவின் முழங்கால் இப்போது மடங்க மறுக்கிறது. அந்தக் கால்களைக் குழியிலிருந்து வெளியே எடுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி ஆட வேண்டும் என்று தோன்றியது. பாட்டு இல்லை, தறிச் சத்தம் மட்டும். இருபது நிமிடம்.

எங்கள் தெருவிலேயே ஆடினேன். முடிந்ததும் பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் சரி கண்ணு. இழை அறுந்துச்சுன்னா கை நிக்கும், ஆனா காலு மிதியிலயேதான் இருக்கணும். நீ எடுத்துட்ட” என்றார்.

நடனம் பார்த்துப் பழக்கமே இல்லாதவர் அவர். பெங்களூரில் ஒருவருக்கும் கண்ணில் பட்டிருக்காத பிழை அது. என்னைத் திருத்தத் தெரிந்தவர்கள் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள், இவர்களுக்காகத்தான் ஆடுகிறேன். இப்போது ஆட்டத்தில் இழை அறும் இடம் வரும்போது இடது காலை எடுக்காமல், தொடை நடுங்க நடுங்க, எட்டு எண்ணிக்கை அப்படியே அழுத்திக்கொண்டு நிற்கிறேன்.