2012இல் ஹிக்ஸ் துணிக்கை அகப்பட்ட பிறகு புதுத் துணிக்கை எதுவும் அகப்படவில்லையே, ஜெனீவாவின் வளையத்தில் புரோத்தன்களை மோதவிடுவது வீண் செலவுதானே?

வீண் செலவில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வகுப்பில் பிள்ளைகளும் இதைக் கேட்பதுண்டு. (2012க்குப் பிறகு குவார்க்குகள் (புரோத்தனுக்குள் இருக்கும் அடிப்படைத் துணிக்கைகள்) சேர்ந்த கூட்டுத் துணிக்கைகள் பல அகப்பட்டிருக்கின்றன. நீங்கள் அடிப்படைத் துணிக்கையைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.)

பாரமான துணிக்கை பிறந்த கணமே சிதைந்துவிடும். சிதைந்து வந்தவற்றின் சக்தியையும் உந்தத்தையும் அளந்துதான் தாய்த் துணிக்கையின் திணிவைக் கணிக்கிறார்கள். ஏராளமான மோதல்களுக்கு இப்படிக் கணித்து வரைபு கீறினால், சீராக இறங்கும் கோட்டில் அந்தத் திணிவில் ஒரு மேடு எழ வேண்டும். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, அந்த வளையத்தின் சீஎம்எஸ் பரிசோதனை பொதுவில் விட்டிருக்கும் தரவை இறக்கி, மியூவன் (இலத்திரனைப் போன்ற, ஆனால் பாரமான துணிக்கை) சோடிகளுக்கு இந்த வரைபைக் கீறிக் கொண்டுவந்தாள். 91 ஜிகா இலத்திரன்வோல்ட்டில் (துணிக்கைகளின் திணிவைச் சொல்லும் அலகு), மென்விசையைக் காவும் இஸட் துணிக்கையின் மேடு நிமிர்ந்து நின்றது. கொக்குவிலில் ஒரு பழைய மடிக்கணினியில்! அன்றைக்குப் பாடம் அதோடு சரி.

புதுத் துணிக்கையைத் தேடுவதும் இதே வரைபில்தான். 2015 டிசெம்பரில் அதே வளையத்தின் அட்லஸ், சீஎம்எஸ் பரிசோதனைகள் இரண்டுமே போட்டன் (ஒளித் துணிக்கை) சோடிகளில் 750 ஜிகா இலத்திரன்வோல்ட் அருகே ஒரு மேட்டைக் காட்டின. கோட்பாட்டாளர்கள் நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதித் தள்ளினார்கள். அடுத்த ஓகஸ்டில், கூடுதல் தரவு சேர்ந்ததும் மேடு கரைந்துபோனது. அத்தனை வரைபுகளில் அத்தனை இடங்களில் தேடும்போது எங்காவது ஒன்று தற்செயலாகத் துருத்தத்தான் செய்யும். அதனால்தான் மேடு வழமையான ஏற்ற இறக்கத்தைவிட ஐந்து நியம விலகல் உயர வேண்டும் என்கிறார்கள். வெறும் தற்செயல் அவ்வளவு பெரிய மேட்டைத் தரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒன்று.

உணரியில் பதியாமல் தப்பும் இருண்ட பொருளுக்கு வழி வேறு. மோதலுக்கு முன், புரோத்தன்கள் ஓடும் திசைக்குக் குறுக்கான திசையில் உந்தம் பூச்சியம். மோதிய பின் கூட்டிப் பார்க்கையில் ஒரு பக்கம் குறைந்தால், காணாத ஏதோ கொண்டுபோயிருக்கிறது. எதனோடும் எளிதில் ஊடாடாத நியூத்திரினோ என்ற துணிக்கையும் அப்படித்தான் தப்பும், அதன் பங்கைக் கழிப்பதுதான் பெரும் பாடு.

மேடு எழாததும் ஓர் அளவீடுதான். இஸட்டைப் போலவே ஊடாடும் பாரமான துணிக்கை ஒன்று இருந்தால், அதன் திணிவு ஏறத்தாழ 5 டெரா இலத்திரன்வோல்ட்டுக்கு (1 டெரா என்பது 1000 ஜிகா) மேலேதான் என்று இன்று சொல்ல முடிகிறது. ஜெனீவாவில் 27 கிலோமீற்றர் வளையம் ஓடத் தொடங்குமுன் அந்த எல்லை 1 டெரா அளவில் நின்றது. எத்தனையோ கோட்பாடுகள் இந்த இடைவெளியில் அடிபட்டுப்போயின.

பைதன் கொஞ்சம் தெரிந்த உயர்தரப் பிள்ளைகள் யாரும் அந்த மியூவன் வரைபைக் கீறிப் பார்க்க விரும்பினால் கீழே கேளுங்கள், படிப்படியாகச் சொல்லித் தருகிறேன்.