ஆர்எக்ஸ் 100-ல 135 பிளாக்: மேல மாட்டறதுக்கு முன்னாடி கீழ பாருங்க

கோரிமேட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, அப்பாவோட யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வச்சிருக்கேன், வாரம் ரெண்டு தடவை ஏற்காடு போறேன், மலை ஏறும்போது திணறுது. பழைய ஆர்எக்ஸ் 135 பிளாக் (சிலிண்டர்), ஹெட் (அதோட மூடி) ரெண்டும் ஒருத்தர் தர்றேங்கறாரு, தூக்கி மாட்டிடலாமா?"

அவசரப்பட்டு அட்வான்ஸ் குடுத்துராதீங்க தம்பி. ரெண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) அதே 50 மில்லிமீட்டர்தான், அதை வச்சுதான் "ஈஸியா உக்காந்துரும்"னு சொல்லுவாங்க, ஆனா போர் (சிலிண்டர் ஓட்டையோட விட்டம்) 50-ல இருந்து 58-க்கு போகுது, 98 சிசி 132 ஆகுது, அந்த பெரிய ஸ்லீவ் (பிளாக் உள்ள இருக்கற இரும்பு உருளை) இறங்கணும்னா கிராங்க் கேஸ் (இன்ஜினோட கீழ்ப் பாகம்) வாயை லேத்துல குடையணும், குடைஞ்ச அலுமினியம் திரும்பி வராது. ஆர்சி புக்லயும் சிசி வேற, இந்த மாதிரி மாத்தறதைக் கட்டுப்படுத்த மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கு, ஆர்டிஓ ஆபீஸ்ல கேக்காம கை வைக்காதீங்க.

என்னைக் கேட்டா மொதல்ல உங்க 100-ஐயே சரி பண்ணுங்க. புதுசுல 11 குதிரை குடுத்த இன்ஜின் அது, கண்டிஷன்ல இருந்தா ஒத்த ஆளை வச்சுட்டு அந்த 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிரும். முன்னாடி ஸ்ப்ராக்கெட்ல (செயின் ஓடற பல் சக்கரம்) ஒரு பல்லு கம்மி பண்ணி பாருங்க, சில நூறு ரூபாய் வேலை, டாப் ஸ்பீடு கொஞ்சம் போகும், மலையில யாருக்கு வேணும் டாப் ஸ்பீடு.

135-தான் வேணும்னு நின்னீங்கன்னாலும் சரி, ஆரம்பிக்க வேண்டியது பிஸ்டன் அடியைச் சுத்தலா மாத்தற கிராங்க்ல. பிஸ்டன் பரப்பு மூணுல ஒரு பங்குக்கு மேல கூடுது, அந்த அடி பூரா விழறது பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனைப் பிடிச்சிருக்கற கனெக்டிங் ராட் கிராங்க்ல சேர்ற இடத்து பேரிங்) மேல. கனெக்டிங் ராடை பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுனா கொஞ்சம் ஆடலாம், மேல கீழ ஆடவே கூடாது, ஆடுச்சுன்னா புது ராட் கிட் போட்டு பிரஸ் பண்ணி டயல் வச்சு நேர் பாக்கற லேத் பட்டறையில குடுங்க, சுத்தியலால தட்டி நேராக்கறவங்ககிட்ட வேண்டாம். பழசுல வாங்கலாம்னா பிளாக், ஹெட், கிளட்ச் ஹவுசிங் வாங்கலாம், கியர் வாங்குனா ஒரே இன்ஜின்ல ஒண்ணா ஓடுன செட்டா வாங்குங்க, பல்லு ஓரம் மழுங்கியிருந்தா விட்டுருங்க. பேரிங், ரிங்ஸ், ஆயில் சீல், சர்க்லிப், கேஸ்கெட் இதெல்லாம் பழசு ஓசில குடுத்தாலும் வேண்டாம். மேக்னெட் பக்க சீல்ல காத்து இழுத்தாலே பெட்ரோல்-காத்து கலவை லீன் ஆகி (பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி) பிஸ்டன் ஜாம் ஆயிரும், கிளட்ச் பக்க சீல் போனா கியர் ஆயிலைக் குடிச்சுட்டு வெள்ளையா புகை விடும். பிளாக் வாங்கறப்ப ஏற்கனவே எத்தனை ஓவர்சைஸ் (தேஞ்ச பிளாக்கைக் குடைஞ்சு பெரிய பிஸ்டன் போடறது) போயிருக்குன்னு பாருங்க, பிஸ்டன் தலையிலயே நம்பர் அடிச்சிருப்பாங்க. கடைசி சைஸ்னா ஸ்லீவ் மாத்தற செலவையும் விலையில கழிச்சு பேசுங்க.

அப்புறம் கார்ப்பரேட்டர். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல உயர வித்தியாசம், மேல காத்து அடர்த்தி பத்து சதவீதத்துக்கும் கூடவே குறையுது, அதனால கீழ செட் பண்ண ஜெட் (கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தற சின்ன துளை) மேல கொஞ்சம் ரிச்சா (பெட்ரோல் ஜாஸ்தியா) ஓடும், இழுவை குறையும், பிளக் கறுக்கும், அவ்வளவுதான். ஆனா மேல நல்லா இழுக்கலேன்னு அங்கயே சின்ன ஜெட் போட்டுட்டு கீழ வந்து பைபாஸ்ல முறுக்குனீங்கன்னா அன்னிக்கே லீன் ஆகி பிஸ்டன் உருகிரும். ஜெட் அடிவாரத்துல பாருங்க, பிளக் காப்பிப்பொடி கலர்ல இருக்கணும்.

இறங்கும்போது இன்னொண்ணு. இன்ஜினுக்குள்ள 2டி ஆயில் விடற ஆயில் பம்ப் ஆக்ஸிலேட்டரோட சேர்ந்து ஓடுது, நீங்க ஆக்ஸிலேட்டரை மூடிட்டு கியர்லயே பிடிச்சு இறங்குனா இன்ஜின் வேகமா சுத்தும், ஆயில் சொட்டுதான் வரும், புதுசா போர் அடிச்ச பிளாக்குக்கு அது போதாது. நடுநடுவுல ஒரு முறுக்கு குடுத்து குடுத்து இறங்குங்க.