பழைய தண்ணீர்க் காற்றாடியை மறுபடி ஓட வைக்க முடியுமா?

பல்லடம் பக்கம் கிணற்று மேட்டில், காற்றில் சுழன்று தண்ணீர் இறைக்கும் தாத்தா காலத்துக் காற்றாடி துருப்பிடித்து நிற்கிறது, எடைக்குப் போடுவதா, சீர்செய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று உங்கள் ஊரில் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஏறுவதற்கு முன் வாலை (சக்கரத்தைக் காற்றுப் பக்கம் திருப்பும் பின்தகட்டை) மடக்கிவிடுங்கள். முதலில் கோபுரக் கால்களைப் பாருங்கள். காங்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி இரும்பு செதில் செதிலாக உரிந்திருக்கும். சுத்தியலால் தட்டினால் ‘ணங்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் அந்தத் துண்டை வெட்டி மாற்றுங்கள். அப்புறம் மேலே ஏறி, சக்கரத்தைக் கயிற்றால் கட்டிவிட்டு, பல்சக்கரப் பெட்டியைப் பாருங்கள். பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவிப் புதிது ஊற்றுங்கள். பல் தேய்ந்திருந்தால் கோவைப் பட்டறைகளில் அதே அளவில் செய்து வாங்கலாம். கீழே பம்பில் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும், அது சின்னச் செலவுதான்.

நெதர்லாந்தின் கிண்டர்டைக்கில் 19 காற்றாலைகள் 1997 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அந்த நாட்டில் காற்றாலை ஓட்டும் தொழிலையே 2017இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆலையைப் போலவே அதை ஓட்டத் தெரிந்தவரும் முக்கியம். அதனால், தாத்தாவோடு இதை ஓட்டியவர் யாராவது ஊரில் இருந்தால் கூட்டிவந்து காட்டுங்கள். எந்தக் காற்றுக்கு வாலை மடக்குவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.